குல்லாய் சொல்லும் வரலாறு

ஆண்டு விழா மலருக்கு என்ன எழுதலாம் என்று எண்ணியபோது, தங்கச் சுரங்கத்தின் பழம்பெருமையே முதலில் நினைவுக்கு வந்தது. ஆயினும் அதனை எழுதினோர் பலர், படித்தோரும் பலர். ஆகவே இவ்வாண்டு மிகச் சிறிய பொருள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டோம். அது தலையில் அணியும் பின்னல் குல்லாய்.

மார்கழித் திங்களில் மாரிக்குப்பம் நிலையத்தில் விடியற்காலை ரயிலுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தைக் காணாதார் நம்மில் இலர். கழுத்தில் மப்ளரும், காதை மூடிய குரங்குக் குல்லாயும், கையில் சோற்றுத் தூக்குமாக நிற்கும் அக்கூட்டத்தின் நடுவே, சிலர் கையில் மருத்துவமனைக் கோப்பு இருக்கும். அவர்களுள்ளும் சிலர், குளிர் நீங்கி வெயில் ஏறிய பின்னும் தலையை மூடிய துணியை எடுக்க மாட்டார்கள். அவர்களுக்காக அன்புடையோர் பின்னித் தரும் மென்குல்லாயின் வரலாற்றையே இங்குக் கூற விழைகின்றோம்.

வன்தொப்பியும் மென்குல்லாயும்

தலையைக் காப்பது எத்துணை இன்றியமையாதது என்பதைத் தங்கவயல் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலை ஏற்ற பின்னர், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்க வல்லுநர் பலர் வந்தனர். அந்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் அக்காலத்தில் அழுத்திய கம்பளித் தொப்பியைப் பிசின் இட்டு இறுகச் செய்து, அதன் முன்புறத்தில் களிமண் உருண்டை ஒன்றால் மெழுகுவர்த்தியை ஒட்டிக்கொண்டு பாறைக்குள் இறங்குவர். அத்தொப்பியே அவர்களுக்குக் காவலும் விளக்குமாக இருந்தது. பிற்காலத்தில் வன்தொப்பியும் அதில் பொருத்திய மின்விளக்கும் வந்தன. வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து குடியேறிய எம் முன்னோரின் வழித்தோன்றல்கள், அவற்றை அணிந்தே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்தனர்.

பாறை சரிவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து தூசி. பாறையைத் துளையிடும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்குவது. அந்நோயின் கொடுமை இங்குள்ள தொழிலாளரிடையே 1940களில் மருத்துவர்களால் ஆராய்ந்து எழுதப்பட்டது. சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, திண்ணையில் அமர்ந்து இரவெல்லாம் இருமிய பெரியவர்களை நம்மில் மூத்தோர் நன்கு அறிவர். 1997ஆம் ஆண்டில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், தொழிலிடங்களில் சுவாசிக்கப்படும் சிலிக்காத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

தங்கவயலில் தோன்றும் புற்றுநோய் யாவும் தூசியால் வந்தது என்று நாம் கூற வரவில்லை. புகையிலையாலும் பிற காரணங்களாலும் இந்நோய் எவ்வூரிலும் தோன்றுவதே. பெண்களுக்கு மார்பகத்திலும் கருப்பையின் வாயிலும் வருவது நாடெங்கும் காணப்படுகின்றது. ஆயினும் மார்பு நோயுடன் மூன்று தலைமுறை வாழ்ந்த ஊருக்குப் ‘புற்று’ என்னும் சொல் கூடுதல் அச்சத்தைத் தருவது இயல்பே.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வேலையைப் போலவே பெரிய மருத்துவத்தையும் பெங்களூரில் தேட வேண்டியதாயிற்று. ஓசூர் சாலையில் 1973இல் தொடங்கப்பெற்ற கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை எம்மவர் பலர் நாடிச் செல்லும் இடம். சென்னையில் உறவினர் உடையோர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்வதும் உண்டு.

அடையாறு மருத்துவமனையைப் பற்றி இங்கு ஒரு சொல் கூறுதல் தகும். புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலி கொடுத்தவர். அத்துயரை அவர் தம் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டு போராடினார். 1952இல் நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் 12 படுக்கைகளுடன் அம்மருத்துவமனை திறக்கப்பட்டது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் மறையும் வரை அங்கேயே தொண்டாற்றிய டாக்டர் சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர்.

மருந்து கேட்கும் விலை

புற்றுநோய்க்கு மருந்து உண்டு என்னும் நம்பிக்கை பிறந்து இன்னும் நூறாண்டு ஆகவில்லை. 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்னும் இருவர், போரில் பயன்பட்ட நச்சு வாயுவுக்கு உறவான ஒரு மருந்தைப் புற்றுநோயாளிக்குக் கொடுத்துச் சோதித்தனர். 1947இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்து, சிலருக்கு நோய் சிறிது காலமேனும் தணிவதைக் கண்டார். அம்மருந்தை ஆக்கித் தந்த லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் யார் எனில், ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் இந்தியரே ஆவார். இன்று உலகெங்கும் வழங்கும் கீமோதெரபி மருத்துவத்தின் தொடக்கத்தில் நம் பக்கத்து மண்ணின் மைந்தர் ஒருவர் நிற்கிறார் என்பது மகிழ்ச்சிக்குரியது.

இம்மருந்துகள் விரைவாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்கும் இயல்புடையன. புற்று விரைவாகப் பெருகுவது; ஆகவே அது தாக்கப்படும். ஆனால் மயிர்க்கால்களில் உள்ள உயிரணுக்களும் விரைவாகப் பெருகுவனவே. இவ்விரண்டையும் மருந்து பிரித்தறிவதில்லை. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் முடி கொத்துக் கொத்தாகச் சீப்பிலும் தலையணையிலும் வரத் தொடங்கும். எல்லா மருந்தும் இவ்வாறு செய்வதில்லை; கதிர்வீச்சோ எனில், அது படும் இடத்து முடியையே உதிர்க்கும். மருத்துவம் முடிந்து சில திங்களில் பெரும்பாலோர்க்கு முடி மீண்டும் வளர்ந்துவிடும். உதிர்வது நிலையானது அன்று என்பதை மருத்துவர் எடுத்துரைப்பர். ஆயினும் அந்தச் சில திங்களை வாழ்ந்தாக வேண்டுமே!

நம் நாட்டில் முடியில்லாத தலைக்கு இரண்டு பொருள்கள் உண்டு. பழனியிலும் திருப்பதியிலும் வேண்டுதல் நிறைவேறி முடி இறக்கினோர் தலை நிமிர்ந்து ஊருக்குத் திரும்புவர். அதே நாட்டில் முற்காலத்தில் கணவனை இழந்த பெண்களுட் சிலருக்கு முடியைக் களைந்து, அவர்களை ஒரு மூலையில் அமர்த்தினர். முதலாவது தாமே கொடுத்தது. இரண்டாவது பிறர் பறித்தது. மருந்தால் முடியிழந்த பெண், தான் இவ்விரண்டில் எதிலும் சேராதவள் என்பதைத் தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே அவள் வெளியே வருவதை நிறுத்திக்கொள்கிறாள்.

எம் லைனில் அத்தகைய தாயார் ஒருவர் இருந்தார். மார்பகப் புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து திரும்பியவர், குழாயடிக்கு விடியுமுன் சென்று, எவரும் எழுமுன் குடத்துடன் வீடு சேர்ந்துவிடுவார். ‘அடுத்த ஊசிக்குப் போக வேண்டாம் என்று தோன்றுகிறது’ என்று தம் மருமகளிடம் ஒருநாள் கூறினாராம். நோயால் வந்த தளர்ச்சி அன்று அது. ரயிலில் நூறு கண்களுக்கு நடுவே அமர்ந்து செல்ல அஞ்சிய அச்சம். முடி உதிர்வது சிறு செய்தி என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். மருந்தைப் பாதியில் நிறுத்துவது உயிருக்கே கேடாய் முடியலாம்.

அவர்தம் நிலை கண்டு எம் வீட்டுப் பெண்கள் ஒரு குல்லாய் பின்னிக் கொடுத்தனர். வீட்டில் ஸ்வெட்டருக்கு வாங்கி எஞ்சிய ஊதா நிறக் கம்பளி நூல். உச்சியில் நான்கு மடிப்பும் சேர்த்துத் தைத்த தடித்த தையல். கொடுத்தவர்களுக்குப் பெருமகிழ்ச்சி. வாங்கியவரும் கைகூப்பி வாங்கிக்கொண்டார். ஆயினும் நாங்கள் செல்லும் வேளையில் மட்டுமே அது அவர் தலையில் இருந்தது. காரணம் எங்களுக்கு நெடுநாள் விளங்கவில்லை. அதனை விளக்கியது பழைய வரலாறு ஒன்று.

போர்க்களத்துக்குப் பின்னிய கைகள்

நாம் மார்கழியில் அணியும் குரங்குக் குல்லாய்க்கு ஆங்கிலத்தில் பாலக்லாவா என்று பெயர். அது கிரைமியா நாட்டு ஊர் ஒன்றின் பெயர். 1854ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கு நிகழ்ந்த போரையடுத்து வந்த கடுங்குளிரில் படைவீரர் வாடியபோது, இங்கிலாந்துப் பெண்கள் தலையையும் கழுத்தையும் மூடும் கம்பளிக் குல்லாய்களைப் பின்னி அனுப்பினர். அக்குல்லாய்க்கு அவ்வூர்ப் பெயர் பின்னாளில் வழங்கலாயிற்று. முகம் அறியாத ஒருவர் தலைக்கு முகம் அறியாத மற்றொருவர் பின்னிக் கொடுக்கும் தொண்டின் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

முதல் உலகப் போரில் இத்தொண்டு ஓர் இயக்கமாகவே பெருகிற்று. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் காலுறை, ஸ்வெட்டர், மப்ளர் முதலியவற்றைப் பின்னித் தருமாறு மக்களை வேண்டிற்று. பெண்கள் மட்டுமன்றிப் பள்ளிச் சிறுவரும், காயமுற்று ஓய்ந்திருந்த வீரரும் ஊசி பிடித்தனர். ஆனால் அவரவர் விருப்பம்போல் பின்ன விடவில்லை. எவ்வளவு கனமான நூல், எத்தனை கண்ணி, எவ்வளவு நீளம் என்று அச்சிட்ட குறிப்பைச் சங்கம் கொடுத்தது. அதன்படியே பின்ன வேண்டும் என்றது.

இக்கண்டிப்புக்குக் காரணம் உண்டு. காலுறையின் விரல்முனையில் வரும் தடித்த தையல், நாள் முழுதும் நடக்கும் வீரனின் காலை உராய்ந்து புண்ணாக்கும். பதுங்குகுழியின் ஈரத்தில் அப்புண் அழுகவும் கூடும். ஆகவே விரல்முனையைத் தையலின்றி, கண்ணியோடு கண்ணி கோத்து வழவழவென்று மூடும் முறை பரவிற்று. அதனை இன்றளவும் கிச்சனர் தையல் என்று பிரிட்டிஷ் படைத்தலைவர் ஒருவரின் பெயராலேயே வழங்குகின்றனர். அன்பினால் பின்னினோம் என்பது வீரனின் காலுக்குத் தெரியாது. தையல் உறுத்துவதே தெரியும். அணிபவரின் உடலே அளவுகோல் என்னும் இப்பாடம் அன்று போர்க்களத்தில் கற்கப்பட்டது. அதனைக் கேட்டபின் ஊதாக் குல்லாயை எடுத்து எங்கள் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தோம். முடியற்ற மென்தோலில் அது எவ்வாறு உறுத்தியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊசியும் நூலும் தமிழ்நாட்டுக்குப் புதியன அல்ல. 1820ஆம் ஆண்டை ஒட்டி நாகர்கோவிலில் மிஷனரி மால்ட் துரையின் துணைவியார் பெண்களுக்கு லேஸ் பின்னும் கலையைக் கற்பித்தார். அவர்தம் மகளும், ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ தந்த கால்டுவெல் அவர்களின் மனைவியுமான எலைசா அம்மையார் அதனை இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். அவ்வூர்ப் பெண்களுக்கு அது பிழைப்புக்கு வழியாயிற்று. பின்னாளில் குரோஷாவும் நிட்டிங்கும் பள்ளிக்கூடத் தையல் வகுப்புகளின் வழியே நம் வீடுகளுள் புகுந்தன. மேசை விரிப்பும், குழந்தையின் காலுறையும், ரேடியோப் பெட்டியின் மேல் போர்த்திய வலைத்துணியும் பின்னாத வீடு ஒரு காலத்தில் அரிது. அக்கை இன்னும் மறக்கவில்லை. அதற்கு வேலைதான் இல்லாமல் போயிற்று.

இக்காலத் தொண்டர்

அக்கைகளுக்கு உலகின் பல இடங்களில் மீண்டும் வேலை கிடைத்துள்ளது. 2007இல் கலிபோர்னியாவில் கிறிஸ்டீன் ஃபேபியானி என்னும் பெண்மணி தொடங்கிய நாட்ஸ் ஆஃப் லவ் என்னும் அமைப்பு, தொண்டர் பின்னிய குல்லாய்களைத் திரட்டிக் கீமோதெரபி பெறுவோருக்கு விலையின்றி அனுப்புகிறது. அலாஸ்காவில் ஹாலி கிறிஸ்டென்சன் என்னும் செவிலியர், நோயுற்ற சிறுமியருக்குக் கதையில் வரும் இளவரசியின் நீண்ட சடையை மென்னூலால் குல்லாயோடு சேர்த்துப் பின்னிக் கொடுக்கத் தொடங்கினார். நம் பாட்டிமார் அறிந்த சவுரியின் உடன்பிறப்பு என்றே அதனைச் சொல்லலாம்.

நம் நாட்டிலும் இத்தகைய கைகள் உள்ளன. மும்பையில் ஜெயஸ்ரீ ரத்தன் அம்மையார் முன்னின்று நடத்தும் நிட்டட் நாக்கர்ஸ் இந்தியா என்னும் தொண்டர் குழு, அறுவையில் மார்பகம் இழந்த பெண்களுக்குப் பருத்தி நூலால் குரோஷாப் பின்னி, உள்ளே மென்பஞ்சு நிரப்பிய செயற்கை மார்பகத்தை இலவசமாக வழங்குகிறது. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் அம்மையார் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்னும் பெண்கள் கூட்டத்தினர், 2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையைப் படைத்து கின்னஸ் நூலில் இடம் பெற்றனர். தனித்தனி வீடுகளில் பின்னிய துண்டுகள் ஒன்றுசேர்ந்தே அப்போர்வை ஆயிற்று. ஓய்ந்த நேரத்தில் ஒருவர் பின்னும் சிறு துண்டும் வீண்போவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பின்னுவோர் அறிய வேண்டுவன

பழகிய தொண்டர் கைக்கொள்ளும் முறைகளைத் தொகுத்துத் தருகின்றோம். நூல் மிக மென்மையானதாக இருத்தல் வேண்டும். நல்ல பருத்தி நூல் நம் வெயிலுக்கு ஏற்றது. குளிர் நாளுக்கு மென்மையான அக்ரிலிக் நூல் ஆகும். சொரசொரத்த கம்பளியும், மயிர் சிலிர்த்து நிற்கும் நூலும் ஆகா. நூலைக் கழுத்தின் பக்கத்தில் வைத்து உரசிப் பார்த்தால் உறுத்துமா என்பது உடனே விளங்கும். உச்சியில் தொடங்கி வட்டமாகக் கீழ்நோக்கிப் பின்னினால் தையலே வேண்டியதில்லை. பெரியவர் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 21 முதல் 23 அங்குலம். ஆயினும் முடி நீங்கிய தலை சற்றுச் சிறுத்திருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அழகுக்காகப் பெரிய துளைகள் விட்டுப் பின்னினால் வெயிலும் குளிரும் உள்ளே புகும். மறைக்க நினைத்த தலையும் தெரியும். பொத்தானும் மணியும் படுக்கையில் அழுத்தும்.

மருந்து பெறுவோருக்கு நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும். ஆகவே பின்னிய குல்லாயை நன்கு துவைத்து, உலர்த்தி, தூய பையில் இட்டே கொடுக்க வேண்டும். புகை பிடிக்கும் இடத்தில் வைத்துப் பின்னலாகாது. ஒருவருக்கு ஒன்று போதாது. ஒன்று தலையிலும் ஒன்று கொடியிலுமாக இரண்டேனும் வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது, நிறத்தையும் வடிவையும் அணிபவரிடம் கேட்டல்.

கேட்டபோது கிடைத்த விடை

இப்பாடங்களை அறிந்தபின் எம் வீட்டுப் பெண்கள் அத்தாயாரிடம் மீண்டும் சென்று, தாங்கள் முன்பு செய்த பிழையை ஒப்புக்கொண்டு, என்ன நிறம் வேண்டும் என்று வினவினர். அவர் தயங்காமல் ‘கறுப்பு’ என்றார். நோயுற்றவருக்குக் கறுப்பைக் கொடுப்பதா என்று எங்கள் வீட்டு மூதாட்டியார் முகம் சுளித்தார். அதற்கு அத்தாயார், ‘அக்கா, தூரத்திலிருந்து பார்த்தால் முடி மாதிரி இருக்கும்’ என்று கூறினார். மூதாட்டியார் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. தாமே அந்நூலை வாங்கிச் சுற்றித் தந்தார்.

கறுப்புப் பருத்தி நூலில், தையலின்றி, காதின் மேல் சற்றே இறங்குமாறு பின்னிய அக்குல்லாயை அணிந்து அவர் அடுத்த ஊசிக்கு ரயிலேறினார். மருத்துவம் முடியுமுன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அவரைக் கண்டோம். தக்காளி விலையைக் குறைக்குமாறு கடைக்காரருடன் வாதாடிக்கொண்டிருந்தார். குல்லாய் நோயைத் தீர்ப்பதில்லை. அது மருத்துவர் பணி. ஒருவரை விடியற்காலைக் குழாயடியிலிருந்து பட்டப்பகல் கடைத்தெருவுக்குக் கொண்டு வரும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதை மட்டும் நாம் கண்ணாரக் கண்டோம்.

தாய்மார்களே, சகோதரிகளே, போர்வீரருக்கு ஆடவரும் பின்னினர் என்று கண்டோம், ஆகவே பெரியோர்களே! நம் சங்கக் கட்டடத்தில் திங்கள் ஒருமுறை கூடிப் பின்னுவதற்கு ஓர் அறையும், நூல் வாங்கச் சிறு தொகையும் இருந்தால் இத்தொண்டைத் தொடங்கிவிடலாம். சுரங்கத்துள் இறங்கியோரின் தலையைக் காக்க அன்று வன்தொப்பி இருந்தது. இன்று ரயிலேறி மருத்துவமனைக்குச் செல்வோரின் தலைக்கு நாம் மென்குல்லாய் பின்னுவோம். பின்னுமுன் அவர்களிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வோம்.